கடலோர ஊர் வீட்டுக்கு டைல்ஸ்: வாங்குவதும் பதிப்பதும்

சித்திரை வெயிலில் ஒரு மதியம் ஹால் நடுவில் ‘டப்’பென்று சத்தம் கேட்கும். போய்ப் பார்த்தால் இரண்டு டைல்ஸ் ஒன்றையொன்று முட்டிக் கூடாரம்போல் எழும்பி நிற்கும். சென்னையிலிருந்து தூத்துக்குடி வரை கடலோர ஊர்களில் இது அடிக்கடி நடப்பதுதான். உடனே கடைக்காரரைத் திட்டுவார்கள். பெரும்பாலும் டைல்ஸில் கோளாறு இருக்காது. இடைவெளி விடாமல் நெருக்கி ஒட்டியிருப்பார்கள், அடியில் கலவை முழுதாகப் படிந்திருக்காது. நம் வெக்கைக்கும் புழுக்கத்துக்கும் டைல்ஸின் விலையைவிட அதன் அடியிலும் இடுக்கிலும் என்ன இருக்கிறது என்பதே முக்கியம்.

விட்ரிஃபைட் (கண்ணாடிபோல் இறுகச் சுட்ட) டைல்ஸ் ஒரு டிகிரி சூடு ஏறினால் மீட்டருக்குச் சுமார் 7 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரம் மைக்ரான்) நீளும். மொட்டை மாடியில் அதிகாலை 27 டிகிரியில் இருக்கும் தரை மதியம் 60 டிகிரியைத் தாண்டும். 10 மீட்டர் நீளத்துக்குக் கணக்குப் போட்டால் இரண்டேகால் மில்லிமீட்டருக்கு மேல் வருகிறது. அந்த நீட்சிக்கு இடம் விடாவிட்டால் தரை மேல்நோக்கித்தான் எழும்பும். வீட்டுக்குள் சூடு இவ்வளவு மாறாது. ஆனால் புதுக் கட்டடத்தின் கான்கிரீட் முதல் சில வருடங்கள் சுருங்கிக்கொண்டே இருக்கும், மேலே இருக்கும் டைல்ஸ் சுருங்காது. செராமிக்காக இருந்தால் காற்றின் ஈரத்தை உறிஞ்சி மெல்ல உப்பவும் செய்யும்.

எந்த இடத்துக்கு எந்த டைல்ஸ்

ஹாலுக்கும் படுக்கையறைக்கும் விட்ரிஃபைட் போதும். அது நீர் உறிஞ்சும் அளவு 0.5 சதவீதத்துக்கும் குறைவு. சுவருக்கு வரும் செராமிக் 10 சதவீதத்துக்கு மேல் உறிஞ்சும். அதைத் தரையில் போட வேண்டாம். விட்ரிஃபைடிலேயே டபுள் சார்ஜ் என்பதில் நிறம் 3 மில்லிமீட்டர் ஆழம் வரை இருக்கும். ஜிவிடி என்பது மேலே அச்சடித்து கிளேஸ் பூசியது. கடற்கரை மணல் காலோடு வீட்டுக்குள் வரும் ஊரில், வாசலை ஒட்டிய இடத்தில் பளபளக்கும் ஜிவிடி சீக்கிரமே கீறல் விழுந்து மங்கிவிடும். அங்கே மேட் (பளபளப்பில்லாதது) அல்லது டபுள் சார்ஜ் எடுங்கள்.

‘தரை வியர்க்கிறது’ என்று தரைத்தளத்து வீடுகளில் சொல்வார்கள். எல்லா நேரமும் அது அடியிலிருந்து வரும் ஓதம் அல்ல. வெளிக்காற்று 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால், 26 டிகிரிக்குக் கீழே இருக்கும் எந்தப் பரப்பிலும் நீர் படியும். ஏசி ஓடிய அறையின் தரை 24 டிகிரியில் இருக்க, காலையில் கதவைத் திறந்ததும் டைல்ஸ் நனைந்து வழுக்குகிறது. பளபளப்பான டைல்ஸ் அந்த நீரைத் துளியும் குடிக்காது. வயதானவர்கள் நடக்கும் அறைக்கு மேட் டைல்ஸ் சொல்வது இதனால்தான். குளியலறைத் தரைக்கு வழுக்குத் தரம் ஆர் 10 அல்லது ஆர் 11 என்று கேட்டு வாங்குங்கள். கடையிலேயே ஒரு டைல்ஸைத் தரையில் வைத்து நனைத்து, வெறுங்காலால் மிதித்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

காரைக்குடிப் பக்கத்து ஆத்தங்குடி கல் சூளையில் வேகாதது. கண்ணாடி மேல் வார்த்து, நீரில் பதப்படுத்திய சிமெண்ட் கல் அது. சிறிது ஈரத்தை வாங்கிக்கொள்ளும், காலுக்கும் இதமாக இருக்கும். ஆனால் ஆசிட் பட்டால் நிறம் போய்விடும், எண்ணெய்க் கறை உள்ளே இறங்கும். சமையலறைக்கு வேண்டாம், திண்ணைக்கும் பூஜையறைக்கும் தாராளமாகப் போடலாம்.

மொட்டை மாடிக்கு வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளை நிற கூல் ரூஃப் டைல்ஸ்தான். கருமையான எதையும் அழகுக்காகக்கூட அங்கே போட வேண்டாம்.

வாங்கும்போது

இரண்டுக்கு இரண்டு டைல்ஸ் என்று கடையில் சொல்வது 600 மில்லிமீட்டர். ஒரு பெட்டியில் நான்கு இருக்கும். பேச்சில் 16 சதுர அடி என்பார்கள், உண்மையில் 15.5தான். 900 சதுர அடி வீட்டுக்கு வெட்டுச் சேதாரம் 8 சதவீதம் சேர்த்தால் 972. 16ஆல் வகுத்தால் 61 பெட்டி, 15.5ஆல் வகுத்தால் 63. கடைசி அறையில் குறையப்போவது அந்த இரண்டு பெட்டிதான், அப்போது ஓடிப்போய்க் கேட்டால் அதே ஷேடு கிடைக்காது. மூலைவாட்டில் சாய்த்துப் போடுவதானால் சேதாரத்தை 15 சதவீதமாக வைத்துக்கொள்ளுங்கள். எல்லாப் பெட்டியிலும் ஷேடு எண், பேட்ச் எண், அளவுக் குறி மூன்றும் ஒன்றாக இருக்கிறதா என்று லாரியிலிருந்து இறக்கும்போதே பாருங்கள். இரண்டு டைல்ஸை முகத்தோடு முகம் வைத்து நடுவில் இடைவெளி தெரிகிறதா என்றும் பாருங்கள். நான்கடி நீள டைல்ஸில் 2 மில்லிமீட்டருக்கு மேல் தெரிந்தால் பெட்டியை மாற்றச் சொல்லலாம். அந்த நீள டைல்ஸைச் செங்கல் கட்டுபோலப் பாதிக்குப் பாதி மாற்றி வைத்தால் வளைவு பளிச்சென்று தெரியும். மூன்றில் ஒரு பங்கு மாற்றி வைத்தால் போதும்.

பதிப்பது

விட்ரிஃபைடைத் தண்ணீரில் ஊறப்போடாதீர்கள். அது குடிக்காது, ஈரம் முதுகில் நின்று பிடிப்பைத்தான் கெடுக்கும். செராமிக்குக்கு மட்டுமே ஊறல், குமிழி நிற்கும் வரை. சிமெண்ட் பால் ஊற்றி ஒட்டும் பழைய முறை துளையுள்ள கல்லுக்குச் சரி. விட்ரிஃபைடின் வழவழப்பான முதுகில் அது நம்பகமாகப் பிடிக்காது. முதலில் 1:4 சிமெண்ட்-மணல் கலவையில் தளம் போட்டு, மட்டக்கோலும் ரசமட்டமும் வைத்துச் சமன் செய்து, ஏழு நாள் நீர் ஊற்றி, பிறகு காயவிடுங்கள். அதன் மேல் அட்ஹெசிவ், அதாவது டைல்ஸ் ஒட்டுவதற்கென்றே மூட்டையில் வரும் பசைத்தூள். உப்புக் கரிக்கும் போர் தண்ணீரில் கலவை போட்டால் பின்னால் இடுக்குகளில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூக்கும். லாரித் தண்ணீர் வாங்கினால் மொத்தச் செலவில் அது தெரியவே தெரியாது.

அட்ஹெசிவ் மூட்டையில் ஐஎஸ் 15477 என்றும் டைப் எண்ணும் இருக்கும். வீட்டுக்குள் விட்ரிஃபைடுக்கு டைப் 2, வெயில்படும் மாடிக்கு டைப் 3க்குக் குறையக் கூடாது. 20 கிலோ மூட்டை, 3 மில்லிமீட்டர் கனத்துக்கு 45 முதல் 50 சதுர அடி வரை வரும். மேஸ்திரி 80 அடி வரும் என்றால் கலவையை உருண்டை உருண்டையாக வைக்கப்போகிறார் என்று அர்த்தம். நான்கு மூலைக்கும் நடுவுக்கும் ஐந்து உருண்டை வைத்து அழுத்தினால் மேலே பார்க்கச் சமமாகத்தான் இருக்கும். அடியில் வெற்றிடம். அதில்தான் நீர் தேங்கும், எறும்பு கூடு கட்டும், கட்டில் கால் அழுத்தினால் டைல்ஸ் விரிசல் விடும்.

முதலில் டைல்ஸின் முதுகிலிருக்கும் வெள்ளைப் பொடியை ஈரத்துணியால் துடையுங்கள். சூளையில் ஒட்டாமலிருக்கப் பூசிய பொடி அது, கலவையையும் ஒட்டவிடாது. அட்ஹெசிவ் தூளைத் தண்ணீரில் போட்டுக் கலக்குங்கள் (தண்ணீர் அளவு மூட்டையில் போட்டிருக்கும்). ஐந்து நிமிடம் விட்டு மறுபடி கலக்குங்கள். வெயில் காலத்தில் அரை மூட்டைக்கு மேல் ஒரே நேரத்தில் கலக்க வேண்டாம். இறுகியதைத் தண்ணீர் ஊற்றி இளக்கிப் பயன்படுத்தினால் பலம் போய்விடும். 10 மில்லிமீட்டர் பல் கரண்டியால் ஒரே திசையில் கோடு இழுத்து, டைல்ஸ் முதுகிலும் மெல்லிய பூச்சுக் கொடுத்து, கோட்டுக்குக் குறுக்கே தள்ளி அழுத்துங்கள். அவ்வப்போது ஒன்றைப் பெயர்த்துப் பாருங்கள். முதுகு முழுக்கக் கலவை ஒட்டியிருக்க வேண்டும்.

வெக்கையில் சிக்கல் இங்கேதான். 20 நிமிடம் திறந்து வைக்கலாம் என்று மூட்டையில் போட்டிருப்பது நிழலுக்கான கணக்கு. மின்விசிறி ஓடும் அறையிலோ வெயில்பட்ட மாடியிலோ சில நிமிடத்தில் மேலே ஆடை கட்டிவிடும். விரலால் தொட்டால் கலவை விரலில் ஒட்டிக்கொண்டு வர வேண்டும். வராவிட்டால் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், டைல்ஸ் பெட்டிகளை நிழலில் வையுங்கள், தளத்தை நனைத்து ஈரம் மட்டும் நிற்கவிடுங்கள். மாடி வேலையை விடிந்ததும் தொடங்கிப் பத்து மணிக்குள் நிறுத்திவிடுவது நல்லது.

‘இடுக்கே தெரியாமல் ஒட்டித் தருகிறேன்’ என்பதை மேஸ்திரிகள் தங்கள் திறமையாகச் சொல்வார்கள். அதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். டைல்ஸுக்கு இடையே வைக்கும் ஸ்பேசர் (இடைவெளிக் கட்டை) உள்ளே 2 முதல் 3 மில்லிமீட்டர், மாடியில் 5. சுவரோரம் சுற்றிலும் 8 மில்லிமீட்டர் காலியாக விடுங்கள், அதில் கலவை விழுந்திருந்தால் சுரண்டுங்கள். சுவரின் அடியில் ஒட்டும் ஸ்கர்ட்டிங் பட்டை அதை மூடிவிடும். வீட்டுக்குள் 25 அடிக்கு ஒன்று, நேரடி வெயில் விழும் அறையிலும் மாடியிலும் 8 முதல் 12 அடிக்கு ஒன்று என்று விரிவு இணைப்பு (நீட்சிக்கான இடைவெளி) விட்டு, அதில் க்ரௌட்டுக்கு (இடுக்கு நிரப்பும் கலவைக்கு) பதில் ரப்பர்போல் நெகிழும் பாலியூரிதேன் சீலன்ட் நிரப்ப வேண்டும்.

குளியலறையில் டைல்ஸுக்கு முன்பே வேலை முடிந்துவிடுகிறது. நீர்த்தடுப்புப் பூச்சு இரண்டு கை, ஒன்றுக்கொன்று குறுக்காக, சுவரில் ஒரு அடி ஏற்றி, ஷவர் பக்கம் ஆறடி வரை. காய்ந்ததும் நீர் கட்டி 48 மணி நேரம் கீழ்த்தளத்துக் கூரையைப் பாருங்கள். வாட்டம் மீட்டருக்கு 1 முதல் 1.5 சென்டிமீட்டர். ஒரு வாளி நீர் ஊற்றி, எங்கும் தேங்காமல் ஓடினால்தான் அடுத்த வேலை.

க்ரௌட் 24 மணி நேரம் கழித்து. குளியலறைக்கும் அடுப்படிக்கும் எப்பாக்ஸி (பிசின் வகை) க்ரௌட் நல்லது, சிமெண்ட் க்ரௌட் ஈரத்தில் கறுத்துப் பாசி பிடிக்கும். எப்பாக்ஸி வெக்கையில் சீக்கிரம் இறுகும். சிறிது சிறிதாகக் கலந்து, நிரப்பிய கையோடு ஸ்பஞ்சால் துடைக்காவிட்டால் டைல்ஸ் மேல் படலம் நின்றுவிடும். சிமெண்ட் க்ரௌட் போட்ட இடத்தில் ஆசிட் ஊற்றிக் கழுவுவதை அறவே விடுங்கள். அது அழுக்கோடு இடுக்கையும் தின்றுவிடும்.

ஏழு நாள் கழித்து மரக்குச்சியால் ஒவ்வொன்றையும் தட்டுங்கள். பொள்ளலாகச் சத்தம் வருவதைச் சாக்பீஸால் குறித்து, மேஸ்திரிக்குக் கடைசித் தவணை கொடுக்கும் முன்பே மாற்றச் சொல்லுங்கள். ஏற்கெனவே எழும்பிவிட்ட தரையாக இருந்தால், எழும்பிய இரண்டை மட்டும் திரும்ப ஒட்டுவது வீண். முதலில் சுவரோரம் சுற்றிலும் கட்டரால் அறுத்து இடைவெளி உண்டாக்குங்கள், பக்கத்து டைல்ஸ்களையும் தட்டிப் பாருங்கள், பொள்ளலானவற்றை எடுங்கள், அதன் பிறகு ஸ்பேசர் வைத்துப் புதிதாக ஒட்டுங்கள்.