ரயில் பாஸ் கட்டுப்படியாகுமா? மொரிசியஸிலிருந்து கிளம்பும் முன் ஒரு கணக்கு

ஆகஸ்ட் விடுமுறை நெருங்கினால் நம் தமிழ்க் குடும்பங்களில் இந்தக் கேள்வி எப்படியும் வந்துவிடும். கிரியோலில் கேட்டாலும் தமிழில் கேட்டாலும் விஷயம் ஒன்றுதான்: "பாரிஸில் அத்தை வீடு இருக்கிறது. அப்படியே நாலு ஊர் பார்த்துவிட்டு வரலாம் என்று இருக்கிறோம். ரயில் பாஸ் எடுத்துவிடலாமா?"

ரயில் பாஸ் என்பது, ஒரு முறை பணம் கட்டினால் தனித்தனி டிக்கெட் இல்லாமல் குறிப்பிட்ட நாட்களுக்கு ரயிலில் போக உதவும் சீட்டு. விற்கிறவர் எடுக்கச் சொல்வார். போய்வந்த மாமா தண்டச் செலவு என்பார். இருவரும் பொய் சொல்லவில்லை. மாமா தன் பயணத்தை வைத்துச் சொல்கிறார், அவ்வளவுதான். உங்கள் பயணத்துக்கு எது சரி என்பதை ஒரு தாள், பேனா, கைபேசி இருந்தால் நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

அதற்கு முன் ஒரு விஷயம். நம் தீவில் பயணிகள் ரயில் 1956இலேயே நின்றுபோனது. மெட்ரோ எக்ஸ்பிரஸ் 2019 கடைசியில்தான் வந்தது. அதனால் நம் மனதில் டிக்கெட் என்றால் பேருந்து டிக்கெட்தான்: என்று ஏறினாலும் ஒரே கட்டணம். ஐரோப்பாவின் நெடுந்தூர ரயில்கள் அப்படி இல்லை. பிளேசான்ஸிலிருந்து பாரிஸ் போகும் விமானத்துக்கு விலை ஏறி இறங்குகிற மாதிரிதான் அங்கே ரயிலுக்கும். மூன்று மாதம் முன்பே வாங்கினால் ஒரு விலை, அன்று காலையில் ஸ்டேஷனில் போய் நின்றால் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு. பாஸ் லாபமா நஷ்டமா என்ற கேள்வியில் பாதி இங்கேயே அடங்கிவிடுகிறது.

படி 1: பாஸை மறந்துவிட்டுப் பயணத்தை எழுதுங்கள்

ஐரோப்பியப் பாஸ் செல்லும் 33 நாடுகளின் வரைபடத்தை முதலில் பார்த்துவிட்டால் கை சும்மா இருக்காது. "எப்படியும் பாஸ் இருக்கிறதே, புடாபெஸ்டும் போகலாம்" என்று ஆரம்பித்து, பார்க்க ஆசையில்லாத ஊருக்கும் போய் வருவீர்கள். ஆகவே முதலில் போக விரும்பும் ஊர்களை மட்டும் தேதியோடு எழுதுங்கள். ஊர் மாறும் நாட்களை வட்டமிடுங்கள். அத்தை வீட்டில் தங்கி லா ஷப்பெல் கடைத்தெருவுக்கும் மாணிக்க விநாயகர் கோயிலுக்கும் போய்வரும் நாட்களை வட்டமிட வேண்டாம். அவை மெட்ரோ நாட்கள்; பாரிஸ் மெட்ரோவுக்கு இந்தப் பாஸ் செல்லாது.

வட்டங்கள் மூன்றுக்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் மேலே படிக்கவே தேவையில்லை. தனித்தனி டிக்கெட்டே போதும்.

படி 2: எந்தப் பாஸ் உங்களுக்குச் செல்லும்?

ஐரோப்பாவுக்கு வெளியே வசிப்பவர்களுக்கு யூரெயில். அங்கேயே குடியிருப்பவர்களுக்கு இன்டர்ரெயில். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் ஒருவருக்குரியதை மற்றவர் எடுக்க முடியாது. பாரிஸ் அத்தை மகனும் உங்களோடு சுற்றக் கிளம்புகிறான் என்றால் அவனுக்கு இன்டர்ரெயில்தான். அதில் தான் குடியிருக்கும் நாட்டை விட்டு வெளியே போக ஒரு பயணம், திரும்பி வர ஒரு பயணம் என்று வரம்பு உண்டு. நீங்கள் பாஸைக் காட்டி பிரான்ஸுக்குள் நீஸ், லியோன் என்று சுற்றும்போது அவன் தனியாக டிக்கெட் வாங்க வேண்டியிருக்கும். இதை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

படி 3: ஒவ்வொரு வட்டத்துக்கும் இரண்டு விலை

இந்தப் படியில்தான் கொஞ்சம் உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும். அந்தந்த நாட்டு ரயில்வேயின் சொந்தத் தளத்துக்கே போங்கள்: பிரான்ஸுக்கு எஸ்என்சிஎஃப், ஜெர்மனிக்கு டாய்ச்ச பான், சுவிட்சர்லாந்துக்கு எஸ்பிபி, இத்தாலிக்கு ட்ரெனிடாலியா. இடைத்தரகர் தளங்களில் சில சமயம் சேவைக் கட்டணம் சேர்ந்திருக்கும்.

ஒவ்வொரு பயணத்துக்கும் இரண்டு விலை குறியுங்கள். ஒன்று, நீங்கள் போகும் தேதிக்கு இன்றைய விலை. மற்றது, நாளைக்கே கிளம்பினால் என்ன விலை என்பது. உதாரணமாக ஒரு சுற்று: பாரிஸ், ஸ்ட்ராஸ்பூர், மியூனிக், வியன்னா, சூரிக், மறுபடி பாரிஸ். ஐந்து வட்டம். கீழே உள்ள டிக்கெட் விலைகள் கணக்கைக் காட்ட நான் வைத்த உத்தேச எண்கள்தான். நீங்கள் பார்க்கும் நாளில் வேறாக இருக்கும்.

முன்கூட்டி வாங்கினால்: 35, 45, 35, 45, 45. மொத்தம் 205 யூரோ.

கடைசி நேரத்தில்: 90, 110, 110, 140, 150. மொத்தம் 600 யூரோ.

ஒரே பாதை, ஒரே வண்டி, ஒரே இருக்கை.

படி 4: பாஸின் ஒரு நாள் விலை

ஒரு மாதத்துக்குள் விருப்பமான ஐந்து நாள் பயணம் செய்யும் யூரெயில் பாஸ், பெரியவருக்கு இரண்டாம் வகுப்பில் 300 யூரோவுக்குச் சற்று மேலே இருக்கும். 320 என்று வைத்துக்கொள்வோம். ஐந்தால் வகுத்தால் நாளுக்கு 64.

இந்த 64தான் உங்கள் அளவுகோல். 64க்குக் குறைவான டிக்கெட் கிடைக்கிற நாளில் பாஸ் நாளைச் செலவழிக்கவே கூடாது. அன்றைக்குத் தனி டிக்கெட் வாங்கி, பாஸ் நாளை நீளமான பயணத்துக்கு வையுங்கள். சூரிக்கிலிருந்து பக்கத்து ஊருக்கு ஒரு மணி நேரம் போய்வர ஒரு பாஸ் நாளைச் செலவழித்துவிட்டு, வியன்னா பயணத்துக்கு நாள் மிச்சமில்லை என்று நிற்பவர்கள் உண்டு.

28 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் 60 தாண்டியவர்களுக்கும் தள்ளுபடி இருக்கிறது, இளையவர்களுக்கு அது கொஞ்சம் கணிசமானது. கல்லூரிப் பிள்ளைகளுக்கு இந்த அளவுகோல் இன்னும் கீழே இறங்கும்.

படி 5: ரிசர்வேஷன் என்கிற இன்னொரு செலவு

பாஸ் வாங்கியவர்கள் முகம் சுளிக்கும் இடம் இது. பாஸ் இருந்தால் எல்லா வண்டியிலும் ஏறி உட்காரலாம் என்பது பாதி உண்மை. பிரான்ஸின் டிஜிவி, இத்தாலியின் ஃப்ரெச்சியரோசா, ஸ்பெயினின் ஏவ், லண்டன் போகும் யூரோஸ்டார் ஆகிய அதிவேக வண்டிகள் எல்லாவற்றிலும் இருக்கை ரிசர்வேஷன் கட்டாயம், அதற்குத் தனிக் காசு. உள்நாட்டு வண்டிகளில் பத்து முதல் இருபது யூரோ என்று வைத்துக்கொள்ளலாம்; யூரோஸ்டாரில் முப்பதைத் தாண்டும். டிஜிவியில் இன்னொரு சிக்கல்: பாஸ்காரர்களுக்கென்று ஒதுக்கும் இருக்கைகள் குறைவு. நமக்கு விடுமுறை விடுகிற ஜூலை ஆகஸ்டில்தான் ஐரோப்பாவே விடுமுறையில் இருக்கும். வண்டியில் காலி இடம் இருந்தும் பாஸ் இருக்கை தீர்ந்துபோயிருக்கும். விலை மலிவான ஊய்கோ வண்டிகளில் பாஸ் செல்லவே செல்லாது.

ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து, பெல்ஜியம், நெதர்லாந்து பக்கம் நிலைமை வேறு. அங்கே உள்நாட்டு வண்டிகளில் பெரும்பாலும் ரிசர்வேஷன் கட்டாயமில்லை. ஸ்டேஷனுக்குப் போய் அடுத்து வரும் வண்டியில் ஏறலாம். அந்த நாடுகளில் பாஸுக்கு உண்மையிலேயே மதிப்பு இருக்கிறது. பாரிஸ், பார்சிலோனா, ரோம் என்று அதிவேக வண்டிகளிலேயே சுற்றுகிறவர்களுக்கு நான் பாஸைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

சரி, நம் உதாரணத்துக்கு வருவோம். பாரிஸிலிருந்து போகவும் பாரிஸுக்குத் திரும்பவும் ரிசர்வேஷன் வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து 45 யூரோ போடுங்கள். பாஸ் மொத்தம் 365. இப்போது மூன்று எண்களையும் ஒரே வரியில் எழுதுங்கள்: 205, 365, 600.

தேதி மாறவே மாறாது, இப்போதே வாங்கிவிடலாம் என்றால் 205. போகிற போக்கில் முடிவெடுக்கும் ஆள் என்றால் 600க்குப் பதில் 365. அதாவது பாஸுக்காக நீங்கள் அதிகம் கொடுக்கும் 160 யூரோ, வியன்னாவில் மழை பெய்தால் ஒரு நாள் முன்னதாகக் கிளம்பும் வசதிக்கான விலை. அந்த வசதி உங்களுக்கு அவ்வளவு பெறுமா? பிள்ளைகளோடு, முன்பே பணம் கட்டிய ஹோட்டல்களோடு போகிற குடும்பத்துக்குப் பெறாது என்பது என் அபிப்பிராயம். தேதி கல்லில் செதுக்கியதுபோல் இருக்கும்போது அதை மாற்றும் உரிமைக்கு எதற்குக் காசு?

படி 6: பிள்ளைகள்

12 வயதுக்குள் உள்ள பிள்ளைக்கு, கூட வரும் பெரியவரின் பாஸோடு யூரெயில் இலவசம். ஒரு பெரியவருக்கு இரண்டு பிள்ளைகள் வரை. ஆனால் ரிசர்வேஷன் கட்டாயமான வண்டியில் பிள்ளைக்கும் இருக்கைக் கட்டணம் உண்டு. தனி டிக்கெட் வரிசையிலும் பிள்ளைகளுக்கான சலுகையைச் சேர்த்துப் பார்க்க மறக்காதீர்கள். ஒரு பக்கம் மட்டும் சலுகையைப் போட்டால் கணக்கு சாய்ந்துவிடும்.

சுவிட்சர்லாந்து மட்டும் தனிக் கதை

இங்கே கேள்வி பாஸா டிக்கெட்டா என்பதல்ல. பாஸா அரைக் கட்டண அட்டையா என்பது. 2025 விலையில், அந்த நாட்டுக்கு மட்டுமான சுவிஸ் டிராவல் பாஸ் நான்கு நாளுக்கு 295 பிராங்க். ஒரு மாதம் செல்லும் அரைக் கட்டண அட்டை அப்போது 120 பிராங்க். வித்தியாசம் 175. அட்டை இருந்தால் பாதி விலைதான் கொடுப்பீர்கள் என்பதால், நான்கு நாள் டிக்கெட்டுகளின் முழு விலை 350 பிராங்கைத் தாண்டினால்தான் பாஸ் ஜெயிக்கும். விலை ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. புதிய எண்களைப் போட்டு இதே கழித்தலைச் செய்யுங்கள்.

யுங்ஃப்ராவ்யோக் போகத்தான் முழுப் பயணமும் என்றால் அட்டை பக்கம் சாயுங்கள். அந்த மலை உச்சி வண்டிக்கு டிராவல் பாஸில் 25 சதவீதம்தான் தள்ளுபடி, அட்டையில் 50. ஏரிப் படகு, அருங்காட்சியகம், நகரப் பேருந்து என்று நாள் முழுவதும் ஏறி இறங்குகிறவர்களுக்குப் பாஸ் நல்லது. ரிகி மலை வண்டி பாஸிலேயே அடங்கும். 16 வயதுக்குள் உள்ள பிள்ளைகளுக்குப் பெற்றோரோடு இலவசமாகப் போகும் குடும்ப அட்டை உண்டு, கேட்டு வாங்குங்கள்.

ஜப்பான் போகிறவர்களுக்கு

மொரிசியஸ் பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலாவுக்கு விசா வேண்டாம் என்பதால் இப்போது நிறையப் பேர் ஜப்பான் பக்கம் பார்க்கிறார்கள். அங்கே கணக்கு சுலபம். முன்பே வாங்கினாலும் கடைசியில் வாங்கினாலும் ஷின்கான்சென் என்ற அதிவேக ரயிலின் கட்டணம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் பழைய காணொளிகளை நம்பாதீர்கள். ஜப்பான் ரயில்வேயின் ஏழு நாள் ஜேஆர் பாஸ் 29,650 யென் இருந்தது, 2023 அக்டோபரில் 50,000 ஆனது. டோக்கியோவிலிருந்து கியோத்தோ, அங்கிருந்து ஹிரோஷிமா, திரும்ப டோக்கியோ: தனி டிக்கெட்டில் சுமார் 45,000 யென். பழைய விலையில் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம், இப்போது வேண்டாம்.

அப்படியும் வாங்கினால், அந்த ஏழு நாளும் தொடர்ச்சியாக ஓடும். டோக்கியோவில் தங்கும் நாட்களை முன்னேயோ பின்னேயோ தள்ளிவிட்டுப் பாஸைத் தொடங்குங்கள். வேகமான நொஸோமி வண்டிக்குப் பாஸோடு கூடுதல் கட்டணம் உண்டு. பாஸ்போர்ட்டில் தற்காலிக வருகைக்கான முத்திரையோ ஸ்டிக்கரோ இல்லாமல் பாஸ் கொடுக்க மாட்டார்கள். குடியேற்றப் பிரிவிலிருந்து நகரும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழனி, மதுரை என்று தமிழ்நாட்டுக் கோயில்களுக்குப் போகிறவர்களுக்கு இந்தத் தலைவலியே இல்லை. வெளிநாட்டவருக்கென்று இருந்த இந்திரெயில் பாஸை நிறுத்திவிட்டார்கள். வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகள் ஒதுக்கீட்டில் டிக்கெட் போடுங்கள், அது போதும்.

படி 7: பாஸ்தான் என்று முடிவானால்

யூரெயில் இப்போது கைபேசியில்தான் வருகிறது, ரெயில் பிளானர் என்ற செயலியில். பாஸ்போர்ட் எண்ணைச் சரியாகப் போடுங்கள், வண்டியில் கேட்பார்கள். தொடக்கத் தேதியை முடிந்தவரை தாமதமாகத் தீர்மானியுங்கள்; தொடங்காத பாஸுக்குத்தான் ஏதாவது திரும்பக் கிடைக்கும்.

பயண நாள் என்பது நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை. மாலை ஏறி மறுநாள் காலை இறங்கும் இரவு வண்டிக்கு, ஏறிய நாள் மட்டும் கணக்கில் வரும், நடுவில் வண்டி மாறாமல் இருந்தால். இரவு வண்டி பிடிக்கிறவர்களுக்கு இது நல்ல சலுகை, ஹோட்டல் செலவும் மிச்சம்.

வண்டி ஏறும் முன் அந்தப் பயணத்தைச் செயலியில் சேர்த்து, அன்றைய டிக்கெட்டின் கட்டக் குறியீடு திரையில் வருகிறதா என்று நடைமேடையிலேயே பார்த்துவிடுங்கள். மூன்று நாளுக்கு ஒரு முறையாவது செயலி இணையத்தைத் தொட வேண்டும். நம்மூர் சிம்மில் ரோமிங் நிறுத்தி வைத்திருப்பவர்கள் காலையில் தங்குமிடத்து வைஃபையிலேயே இதை முடித்துவிடுங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டால் போதும் என்று நினைக்காதீர்கள், பரிசோதகர் அதை ஏற்க மாட்டார்.