மகனிடம் பொறுப்பை ஒப்படைப்பது எப்படி

கொங்கு நாட்டில் ஆண் பிள்ளைகளுக்கு உழைப்பைப் பழக்குவதில் பெற்றோர் குறை வைப்பதில்லை. பள்ளி விடுமுறையில் தோட்டத்தில் மடை மாற்றியும், திருப்பூரில் அப்பாவின் பனியன் கம்பெனியில் பீஸ் எண்ணிக் கட்டியும், கோவையில் லேத் பட்டறையில் மாமனுக்குக் கையாளாக நின்றும் வளர்கிற பையன்கள் இங்கே ஏராளம். ஆனால் 25 வயதில் கை நிறையச் சம்பாதிக்கிற அதே பையன், அம்மா இரண்டு நாள் கோயிலுக்குப் போய்விட்டால், மூன்று வேளையும் ஹோட்டல் பார்சலை நம்பி இருக்கிறான். துவைக்காத துணி நாற்காலியில் குவிகிறது. அப்பாருவுக்கு (தாத்தாவுக்கு) எந்த மாத்திரையை எந்த வேளைக்குக் கொடுப்பது என்று கேட்டு அம்மாவுக்குப் போன் போடுகிறான். சம்பாதிக்கப் பழக்கிய நாம், தன்னையும் தன்னைச் சேர்ந்தவர்களையும் பார்த்துக்கொள்ளப் பழக்காமல் விட்டுவிட்டோம்.

இதற்கு முதற்காரணம், வீட்டில் பையன்களுக்கு ஏவல் மட்டுமே கிடைப்பதுதான். "ஆட்டுக்குத் தண்ணி வெச்சுட்டு வா சாமி" என்றால் வைத்துவிட்டு வருகிறான். தண்ணீர் வைக்கும் நேரமாயிற்று என்று கவனித்தது, நினைவில் வைத்திருந்தது, சொன்னது எல்லாம் அம்மா. கையும் காலும் மட்டுமே அவனுடையவை. ஆகவே 9 அல்லது 10 வயதில், ஏதேனும் ஒரு வேலையைத் தொடக்கம் முதல் முடிவு வரை அவன் பேரிலேயே விட்டுவிடுங்கள். தோட்டத்துக் குடும்பமானால் இரண்டு வெள்ளாடுகள் போதும். காலையில் பட்டியைக் கூட்டுவது, தழை ஒடித்துக் கட்டுவது, தண்ணீர்த் தொட்டியைத் தேய்த்துக் கழுவுவது, சாணம் இளகியிருந்தால் கவனித்துச் சொல்வது, குடற்புழு மருந்துக்குக் கால்நடை மருந்தகம் போகும் நாளை நாட்காட்டியில் குறிப்பது ஆகிய அனைத்தும் அவன் பொறுப்பு. நகரத்து வீடானால் குழாய்த் தண்ணீரைக் கொடுக்கலாம். சில நாட்களுக்கு ஒருமுறைதான் தண்ணீர் வருகிற தெருக்களில், முறை நாளை நினைவில் வைத்து, குடிநீர்க் குடங்களை முதலில் நிரப்பி, பிறகு தொட்டியை நிறைத்து, மோட்டாரை நேரத்தில் நிறுத்துவது சிறிய வேலையன்று.

மறந்துவிட்டால் என்ன செய்வது என்பதுதான் கடினமான இடம். குடம் காலியாக இருந்தால் இருக்கட்டும். பக்கத்து வீட்டில் போய்க் கேட்டு வாங்கி வரவும் அவனே போகட்டும். ஆடு மட்டும் பட்டினி கிடக்கக் கூடாது, வாயில்லாச் சீவனை வைத்துப் பாடம் நடத்துவது பாவம். அன்று நீங்கள் தழை போடுங்கள். ஆனால் மாலையில் விளையாடப் போகும் முன் மறுநாளைக்கும் சேர்த்து அவன் ஒடித்து வைக்க வேண்டும். திட்டு இதில் பயன்படாது. திட்டு வாங்கியதும் கணக்குத் தீர்ந்துவிட்டதாக எண்ணும் பிள்ளைகள்தான் மிகுதி.

இங்கே சட்டத்தையும் நினைவில் கொள்ள வேண்டும். 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின்படி, 14 வயதுக்குட்பட்ட பிள்ளை பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும் சொந்தக் குடும்பத் தொழிலில் உதவலாம். அதிலும் ஆபத்தான வேலை கூடாது. வேறொருவர் தறிக்கோ பட்டறைக்கோ அனுப்புவது குற்றம்.

அடுத்தது அடுக்களை. 12 வயதில் தொடங்குங்கள். முதல் பாடமாக அரிசிம்பருப்புச் சாதத்தை வையுங்கள், ஏனெனில் ஒரே குக்கரில் முடிந்து, பெரிய பிழையையும் பொறுத்துக்கொள்ளும் உணவு அது. ஒரு டம்ளர் அரிசிக்குக் கால் டம்ளர் துவரம்பருப்பைச் சேர்த்துக் கழுவி ஊற வைக்கச் சொல்லுங்கள். எண்ணெயில் கடுகு, சீரகம், வரமிளகாய், கறிவேப்பிலை தாளித்து, கைப்பிடி சின்ன வெங்காயமும் ஏழெட்டுப் பல் பூண்டும் வதக்கி, ஒரு தக்காளி, மஞ்சள்தூள், உப்புச் சேர்த்து, மூன்றரை டம்ளர் தண்ணீர் ஊற்றி, கொதி வந்ததும் அரிசி பருப்பைப் போட்டு மூன்று விசில் விட்டால் முடிந்தது. முதல் நாள் குழைந்து போகலாம். நெய் ஊற்றிக்கொண்டு வாய் பேசாமல் சாப்பிட்டுவிடுங்கள். ஆனால் அடுப்பைத் துடைத்து, வெங்காயத் தோலை அள்ளிப் போட்டு, குக்கரைக் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் சமையல் முடிந்தது என்று கணக்கு. பாதியில் எழுந்து போய்விட்டு மீதியை அம்மா தலையில் கட்டுகிற சமையல் வெறும் பொழுதுபோக்கு.

"ஆம்பளப் பையன அடுப்படில உடறயா கண்ணு?" என்று அப்பத்தா கேட்கத்தான் செய்வார். கருப்பணசாமி கோயில் கிடா வெட்டுக்கு அண்டா வைத்துக் கறி ஆக்குவதும், கல்யாண மண்டபத்தில் ஆயிரம் பேருக்குப் பொங்கிப் போடுவதும் ஆண்கள்தாமே என்று பணிவாக எடுத்துச் சொல்லுங்கள். ஊருக்குச் சமைத்தால் பெருமை, வீட்டுக்குச் சமைத்தால் சிறுமை என்பதில் என்ன நியாயம் இருக்கிறது என்பதற்கு, எனக்குத் தெரிந்து எந்த அப்பத்தாவும் விடை வைத்திருப்பதில்லை. அப்பா தன் தட்டைத் தானே கழுவாத வீட்டில் மகனிடம் இதை எதிர்பார்க்க முடியாது. தங்கையை அழைத்துத் தண்ணீர் கேட்கும் வழக்கத்தையும் அன்றே நிறுத்திவிட வேண்டும்.

பணத்தைப் பொறுத்தவரை, கைச்செலவுக்குக் கொடுப்பதைவிட வீட்டுக் கணக்கைக் காட்டுவது மேல். 10 வயது நிறைந்த பிள்ளை தன் பெயரில் சேமிப்புக் கணக்கைத் தானே கையாள வங்கிகள் அனுமதிக்கின்றன. படிவத்தை அவனையே நிரப்பச் சொல்லுங்கள். மின்கட்டணத்தையும் அவனிடம் விடலாம். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் வரை வீட்டுக்குக் கட்டணம் இல்லை, அதற்கு மேல் படிப்படியாக ஏறுகிறது என்பதை அறிந்து, வாரந்தோறும் மீட்டரைப் பார்த்து எழுதும் பையன், ஆளில்லா அறையில் ஓடும் விசிறியைச் சொல்லாமலே நிறுத்துவான். மஞ்சள் விலை இறங்கிய ஆண்டில், வரவேண்டிய பில் நின்றுபோன மாதத்தில், அதையும் வீட்டில் பேசுங்கள். நட்டத்தை மறைக்கும் அப்பாவிடமிருந்து மகன் கற்பது மறைப்பதைத்தான். அந்தப் பழக்கம் பின்னாளில் கந்து வட்டியிலும் டாஸ்மாக் வாசலிலும் கொண்டுபோய் நிறுத்தும்.

வண்டி விஷயத்தில் நம் பகுதிப் பெற்றோர் மிகவும் தாராளம். பால் சொசைட்டிக்குக் கேன் கொண்டுபோக 14 வயதுப் பையனிடம் எக்ஸ்எல் மொபெட்டைக் கொடுப்பதைப் பொறுப்புக் கற்பித்தல் என்றே பலர் நினைக்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, சிறுவன் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும். பையனுக்கு 25 வயது வரை ஓட்டுநர் உரிமம் கிடைக்காது. சைக்கிளில் போகட்டும்.

எல்லாவற்றையும்விட மகன்களை அதிகம் கெடுப்பது, "இந்தத் தோட்டமெல்லாம் உனக்குத்தான்" என்று சிறு வயதிலிருந்தே காதில் போடும் பேச்சு. சட்டப்படியும் அது பிழை. இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே உரிமை உண்டென்று தமிழ்நாட்டில் 1989-இலும் நாடு முழுமையும் 2005-இலும் சட்டம் திருத்தப்பட்டுவிட்டது. சீர் செய்தோம், நகை போட்டோம் என்று சொல்லி அக்காவிடம், சொத்துரிமையை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவதைப் பார்த்து வளரும் பையன், உழைக்காமல் கிடைப்பதே முறை என்று எடுத்துக்கொள்கிறான். அதற்கு மாறாக, 16 வயதில் 20 சென்ட் நிலத்தை அவனுக்கு ஒதுக்கி, விதை, சொட்டுநீர்க் குழாய், கூலி எல்லாவற்றையும் கடனாக எழுதி வைத்து, விற்று வந்ததில் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள். தக்காளி கிலோ ஐந்து ரூபாய்க்கு விலைபோகும் நாளில், பறிகூலிக்கும் கட்டாது என்று அவனே கணக்குப் போட்டுப் பார்ப்பான்.

நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளிகளில் சேர்த்துவிட்டவர்களுக்கு இவற்றில் பலவற்றைச் செய்ய நேரம் இராது. மதிப்பெண்ணுக்காகக் கொடுத்த விலை அது. அவர்கள் 12-ஆம் வகுப்புத் தேர்வுக்கும் கல்லூரி திறப்புக்கும் இடையிலுள்ள மாதங்களைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்த மாதங்களில் வாரம் இரண்டு நாள் வீட்டுச் சமையல் அவனுடையது. தன் துணியைத் தானே துவைத்து மடிக்க வேண்டும். அப்பாருவைக் காலையிலேயே அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போய், ஓபி சீட்டு வாங்கி, மருத்துவர் சொன்னதைக் கேட்டு, மாத்திரைகளை வேளைவாரியாகப் பிரித்து வைத்துவிட்டு வர வேண்டும். கூட அம்மா போகக் கூடாது, போனிலும் வழி சொல்லக் கூடாது.