லீவர் விரலுக்கு எட்டட்டும்: மவுண்டன் பைக் பிரேக் செட்டிங்

இறக்கத்தில் நாலு விரலையும் போட்டு இறுக்கினால்தான் வண்டி நிற்கிறது என்றால், உடனே புதுப் பேட் (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் தகடு) வாங்க ஓடாதீர்கள். நல்ல ஹைட்ராலிக் (ஆயில் அழுத்தத்தில் இயங்கும்) டிஸ்க் பிரேக்குக்கு ஆள்காட்டி விரல் ஒன்றே போதும். மற்ற மூன்று விரல்களுக்குக் கிரிப்பில் வேலை இருக்கிறது. கல்லிலும் வேரிலும் வண்டி தூக்கிப்போடும்போது ஹேண்டில்பாரைக் கைவிடாமல் பிடிப்பவை அவைதான். பல வண்டிகளில் குறை பிரேக்கில் இல்லை, லீவர் நிற்கும் இடத்தில்.

முதலில் லீவரின் இடம், பிறகு கிரிப்புக்கும் லீவருக்கும் உள்ள தூரம், கடைசியில்தான் பிரேக் பிடிக்கும் புள்ளி. வரிசையை மாற்றினால் செய்த வேலையையே திரும்பச் செய்ய வேண்டிவரும்.

பல வண்டிகளில் லீவர் கிரிப்போடு ஒட்டியே மாட்டப்பட்டிருக்கும். அப்போது விரல் லீவரின் நடுவில் விழும். லீவர் ஒரு நெம்புகோல். அச்சுக்குப் பக்கத்தில் இழுத்தால் பலம் வீணாகும். லீவரைப் பாரோடு பிடிக்கும் கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தி, லீவரைப் பாரின் நடுப்பக்கமாகத் தள்ளுங்கள். ஆள்காட்டி விரல் லீவர் நுனியின் வளைவுக்குள் உட்கார வேண்டும். கியர் ஷிஃப்டர் இடித்தால் அதையும் நகர்த்துங்கள். பிறகு சுவரில் சாய்ந்தபடி பெடலில் எழுந்து நின்று, இறக்கத்தில் நிற்பதுபோல முழங்கையை மடக்குங்கள். முன்கையும் மணிக்கட்டும் விரலும் ஒரே கோட்டில் வரும் சாய்வில் லீவரை நிறுத்துங்கள். சீட்டில் உட்கார்ந்து பார்த்து வைத்தால் லீவர் அளவுக்கு மீறிக் கீழே போய்விடும். போல்ட்டை இறுக்கும் அளவைக் கையேட்டில் பாருங்கள். ஷிமானோ எம்டி200 பிரேக்குக்கு 6 முதல் 8 நியூட்டன் மீட்டர். கார்பன் பார் என்றால் அதைத் தயாரித்தவர் சொல்லும் உச்ச அளவைத் தாண்டாதீர்கள்.

அடுத்தது தூரம். விலை குறைந்த லீவர்களில் இதற்கென ஒரு சின்ன ஸ்குரூ இருக்கும், பெரும்பாலும் 2 மி.மீ. அலன் கீ பிடிக்கும். விலை கூடியவற்றில் கையால் திருகும் குமிழ். எந்தப் பக்கம் திருகினால் உள்ளே வரும் என்பது மாடலுக்கு மாடல் மாறும். கால் சுற்று திருகிப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஸ்குரூ இறுகி நின்றால் அதோடு நிறுத்துங்கள், சின்ன மரை சுலபமாகக் கெட்டுவிடும். உள்ளங்கை கிரிப்பிலிருந்து எழாமல், ஆள்காட்டி விரலின் முதல் மடிப்பு லீவரில் படிய வேண்டும். கை சிறியவர்களுக்கு இந்த ஒரு திருகலே பயணக் களைப்பைக் குறைக்கும்.

ஆனால் லீவரை உள்ளே கொண்டுவந்தால் பிரேக் பிடிக்கும் புள்ளியும் கூடவே உள்ளே வரும். முழுதாக இழுத்துப் பாருங்கள்: கிரிப்பைப் பிடித்திருக்கும் விரல்களில் லீவர் இடிக்கவே கூடாது. ஷிமானோ எக்ஸ்டி போன்றவற்றில் வெற்று ஓட்டத்தை (பேட் டிஸ்க்கைத் தொடும் முன் லீவர் நகரும் தூரம்) கூட்டிக் குறைக்க இன்னொரு ஸ்குரூவும், ஸ்ராம் கோட் ஆர்எஸ்சி-யில் அதற்கென ஒரு குமிழும் உண்டு. இவை தருவது சிறு மாற்றம்தான். கிரிப் வரை போகும் லீவரை இவற்றால் மீட்க முடியாது.

லீவர் பஞ்சுபோல அமுங்கி, நாலைந்து முறை அடித்தால் கெட்டியாகிறதா? பெரும்பாலும் உள்ளே காற்று. ப்ளீட் செய்தாக வேண்டும், அதாவது ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். வண்டியைத் தலைகீழாக நிறுத்தியதால் வந்திருந்தால், நிமிர்த்தி வைத்து நிதானமாகச் சில முறை இழுத்தால் சரியாகக்கூடும். அமுங்காமல், ஆனால் ஓட்டம் மட்டும் நீண்டிருந்தால் பேடைப் பாருங்கள்; ஷிமானோவில் தேயும் பகுதி 0.5 மி.மீ.க்கு வந்துவிட்டால் மாற்ற வேண்டியதுதான். ப்ளீட் செய்யும்போது ஆயிலில் கவனம்: ஷிமானோவுக்கும் டெக்ட்ரோவுக்கும் மினரல் ஆயில், ஸ்ராமின் பல மாடல்களுக்கு டாட் (DOT) எனும் பிரேக் திரவம். ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை ஊற்றினால் ரப்பர் சீல்கள் கெட்டு, பிரேக்கே போய்விடும். சக்கரம் கழன்றிருக்கும்போது லீவரை இழுக்கவும் கூடாது. பேடைத் தள்ளும் பிஸ்டன்கள் வெளியே வந்து, டிஸ்க் நுழைய இடமில்லாமல் போகும்.

ஆயிலுக்குப் பதில் கேபிள் இழுத்து இயங்கும் டிஸ்க் பிரேக் வண்டிகளிலும் லீவர் தூரத்துக்கு அதே மாதிரி ஸ்குரூ உண்டு. இவற்றில் பெரும்பாலும் ஒரு பக்கப் பேட் மட்டும்தான் நகரும். அது டிஸ்க்கை வளைத்து எதிர்ப் பேடோடு அழுத்துகிறது. பேட் தேயத் தேயப் பலர் லீவர் பக்கத்துத் திருகியைத் திருகிக் கேபிளை இறுக்கிக்கொண்டே போவார்கள். அப்படிச் செய்தால் காலிப்பரின் (பேடுகள் பொருந்தியிருக்கும் பாகம்) கை முன்கூட்டியே பாதி நகர்ந்து நின்றுவிடும். மிச்ச ஓட்டத்தில் முழு அழுத்தம் வராது. காலிப்பரின் உள்பக்கம், ஸ்போக்குகளை ஒட்டி இருக்கும் திருகியால் அசையாத பேடை முன்னே கொண்டுவாருங்கள், டிஸ்க்கில் உரசத் தொடங்கியதும் ஒரு துளி பின்வாங்குங்கள். அதன் பிறகே கேபிள்.

எல்லாம் முடிந்ததும் சமதளத்தில், நடக்கும் வேகத்தில் இரண்டு பிரேக்கையும் தனித்தனியாகப் பிடித்துப் பாருங்கள். முதல் சவாரிக்கு 2 மி.மீ. கீயைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஓட்டும்போது இன்னும் கால் சுற்று வேண்டும் என்று விரல் சொல்லும்.