கணைய அழற்சி: வயிற்றை மட்டும் பார்ப்பது முதல் தவறு

மேல்வயிற்றில் பிடித்த வலி முதுகுவரை ஊடுருவுகிறது. முன்னால் குனிந்து உட்கார்ந்தால் சற்றுத் தணிகிறது. "வாயுதான்" என்று சோடாவும் ஓமத் தண்ணீரும் கொடுத்து ஓர் இரவை ஓட்டிவிடுகிறோம். திடீர்க் கணைய அழற்சியில் அந்த ஓர் இரவுக்குள் நோய் வயிற்றைத் தாண்டிவிடக்கூடும்.

குடலில் போய் வேலை செய்ய வேண்டிய நொதிகள் கணையத்துக்குள்ளேயே விழித்துக்கொண்டு அதையே செரிக்கத் தொடங்குகின்றன. அங்கே கிளம்பும் அழற்சிப் பொருள்கள் ரத்தத்தில் கலந்ததும், உடலெங்கும் நுண்ணிய ரத்தக் குழாய்கள் கசிகின்றன. உடம்பு உப்பித் தெரியும். ரத்தக் குழாய்க்குள்ளோ வறட்சி.

மருத்துவமனையில் சேர்த்த பின் அந்த வறட்சி முதலில் தெரிவது கட்டிலோரம் தொங்கும் சிறுநீர்ப் பையில்தான். "எதுவும் சாப்பிடவில்லையே, எப்படிப் போகும்?" என்று வீட்டார் தேற்றிக்கொள்வார்கள். 60 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 30 மில்லியாவது சேர வேண்டும். குறைந்தால் சிறுநீரகம் திணறுகிறது என்று பொருள். உடனே செவிலியரிடம் சொல்லுங்கள். வலிக்குக் கடையில் வாங்கிய மாத்திரைகளை விழுங்கியிருந்தால் அதையும் மறைக்காதீர்கள். அவற்றில் சில சிறுநீரகத்தை மேலும் நோகடிக்கும்.

அடுத்தது மூச்சு. வேகமாக மூச்சு வாங்கினால் வலியால்தான் என்று விட்டுவிடுகிறோம். நுரையீரலின் காற்றுப் பைகளுக்குள் நீர் கசிந்தாலும் அப்படித்தான் வாங்கும். வலியைப் பொறுத்துக்கொள்வதும் வீரமல்ல: ஆழ்ந்து மூச்சிழுக்க முடியாமல் நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கிவிடும்.

ரத்தப் பரிசோதனையில் வரும் லைபேஸ் என்ற கணைய நொதியின் அளவைப் பிடித்துக்கொண்டு தொங்குவது இன்னொரு தவறு. இயல்பின் மேல் வரம்பைப் போல மூன்று மடங்கைத் தாண்டினால் நோயை உறுதிசெய்ய உதவும். கடுமையை அது சொல்லாது. நோயின் கடுமையைத் தரம் பிரிக்க மருத்துவர்கள் பயன்படுத்தும், 2012இல் திருத்தப்பட்ட அட்லாண்டா வகைப்பாடு பார்ப்பது வேறு: நுரையீரல், சிறுநீரகம், ரத்த ஓட்டம் ஆகியவற்றில் ஒன்றேனும் 48 மணி நேரத்துக்கு மேல் செயலிழந்திருந்தால் அது கடும் நோய்.

"இன்னும் இரண்டு பாட்டில் ஏற்றுங்கள்" என்று நச்சரிக்காதீர்கள். இந்தியாவும் பங்கேற்று 2022இல் வெளியான ஓர் ஆய்வில், தாராளமாக நீர் ஏற்றியவர்களில் 20.5 சதவீதத்தினருக்கு நீர் மிகுந்து தொல்லையானது. அளவோடு ஏற்றியவர்களில் 6.3 சதவீதம். ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள்.

கணையத்துக்கு ஓய்வு என்று நாள்கணக்கில் பட்டினி போடுவதும் பழைய வழக்கம். வெறுங்குடலின் சுவர் நலிந்தால் கிருமிகள் ரத்தத்துக்குள் நுழையும். வாந்தி அடங்கிப் பசித்தால், மருத்துவர் சம்மதத்தோடு முதல் 24 மணி நேரத்திலேயே இட்லி தரலாம்.