லிஃப்டில் தராசு, எல்ஆர்டியில் ஒரு சுற்று: பிசிக்ஸ் சொற்களைப் பிடிக்கும் வழி

பிசிக்ஸ் ஆரம்பித்ததும் பலர் செய்யும் முதல் வேலை, ஒவ்வொரு சொல்லுக்கும் விளக்கத்தை மனப்பாடம் செய்வது. அது வேண்டாம். குழப்பும் சொற்களை ஜோடியாக எடுத்து, இரண்டும் எங்கே பிரிகின்றன என்று நம் சிங்கப்பூரிலேயே பார்த்துவிட்டால் விளக்கத்தை நீங்களே எழுதிவிடுவீர்கள்.

முதலில் நிறையும் எடையும், அதாவது மாஸும் வெயிட்டும். வீட்டில் எடை பார்க்கும் தராசு இருந்தால் தூக்கிக்கொண்டு புளோக் லிஃப்டுக்குப் போங்கள். முள் நகரும் பழைய வகைதான் வேண்டும், டிஜிட்டல் என்றால் பெரும்பாலும் ஒரு எண்ணைக் காட்டி அதிலேயே நின்றுவிடும். ஆள் நடமாட்டம் குறைந்த நேரமாகப் பாருங்கள், இல்லாவிட்டால் பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்கும் பாடம் நடத்த வேண்டியிருக்கும். தரைத்தளத்தில் 50 கிலோ காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். மேல் மாடிக்கான பொத்தானை அழுத்துங்கள். கிளம்பும் அந்த ஓரிரு நொடி முள் ஏறும். நடுவில் ஒரே வேகத்தில் போகும்போது மறுபடி 50. நிற்கப் போகும்போது 50க்குக் கீழே. லிஃப்டின் வேகம் ஒவ்வொரு நொடியும் நொடிக்கு 1 மீட்டர் கூடினால் முள் 55ஐத் தொடும்.

உங்கள் உடம்பில் ஒரு கிராம்கூடக் கூடவில்லை. அந்த மாறாத 50 கிலோதான் நிறை. எடை என்பது பூமி உங்களை இழுக்கும் விசை, ஏறக்குறைய 490 நியூட்டன். அதுவும் லிஃப்டில் மாறவில்லை. அப்புறம் எதுதான் மாறியது? தராசு உங்களைத் திருப்பித் தள்ளும் விசை. முள் காட்டுவது அதைத்தான். நிலாவுக்குப் போனால் எடை ஆறில் ஒரு பங்காகும், நிறை அங்கும் 50தான். இன்னொன்று: ஒரே வேகத்தில் போகும்போது முள் அசையவில்லை, வேகம் மாறும்போதுதான் அசைந்தது. அந்த மாற்றத்தின் வீதம்தான் முடுக்கம்.

தூரமும் இடப்பெயர்ச்சியும் சுலபம். பொங்கோலில் எல்ஆர்டி என்ற குட்டி ரயிலில் ஏறி, ஒரு சுற்றுப் போய் அதே நிலையத்தில் இறங்குங்கள். போன பாதையின் நீளமான தூரம் சில கிலோமீட்டர், கிளம்பிய இடத்திலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறீர்கள் என்ற இடப்பெயர்ச்சி பூஜ்ஜியம்.

வானியலில் எல்லோரும் தடுக்கி விழுவது ஒளியாண்டில். ஆண்டு என்று இருந்தாலும் அது தூரம்: ஒளி ஓர் ஆண்டில் கடக்கும் சுமார் 9.46 லட்சம் கோடி கிலோமீட்டர். ஜூன் மாதம் மேகமில்லாத இரவில் 10 மணிவாக்கில் திறந்தவெளியில் நின்று தெற்கே பாருங்கள். கையை நீட்டி முஷ்டியால் அளந்தால் அடிவானத்திலிருந்து மூன்று முஷ்டி உயரத்தில், நகர வெளிச்சத்தையும் மீறி ஆல்ஃபா சென்டாரி என்ற நட்சத்திரம் தெரியும். தூரம் 4.4 ஒளியாண்டு. நீங்கள் உயர்நிலை நான்கில் இருந்தால், தொடக்கநிலை ஆறில் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இக்குத் தயாராகத் தொடங்கியபோது கிளம்பிய ஒளி அது.

உச்சி என்பது தலைக்கு நேர் மேலே உள்ள புள்ளி. நாம் நிலநடுக்கோட்டுக்கு ஒரு டிகிரிக்குச் சற்று மேல் வடக்கே இருப்பதால், மார்ச் மாதம் 23ஐ ஒட்டியும் செப்டம்பரில் 20ஐ ஒட்டியும் சூரியனே அங்கு வந்துவிடும். கொடிக்கம்பத்தின் நிழல் அடியிலேயே ஒடுங்கிவிடும். பார்க்க 12 மணிக்குப் போய் நிற்காதீர்கள். சிங்கப்பூர்க் கடிகாரம் சூரியனைவிட ஒரு மணி நேரம் போல முந்தி ஓடுகிறது, ஒரு மணியை ஒட்டிப் போனால் சரியாக இருக்கும்.