முதிர்ந்த ஸ்போரைப் பிடிப்பது எப்படி: பெரணி, காளான், பாக்டீரியா

ஸ்லைடில் ஸ்போர் என்னும் நுண்வித்து தெளிவாகத் தெரியவில்லை என்றால் மைக்ராஸ்கோப்பைக் குறை சொல்வது வழக்கம். பெரும்பாலும் பிழை மாதிரியில்தான் இருக்கும். முதிராத ஸ்போருக்குச் சொல்லிக்கொள்ளும்படி வடிவமே கிடையாது. சுவர் தடித்து, நிறம் ஏறி, மேலே முள்ளோ வரியோ எழுந்த பிறகுதான் அதை இன்னதென்று சொல்ல முடியும். ஆகவே எதை எடுத்தாலும் அது பருவத்துக்கு வந்துவிட்டதா என்று பார்ப்பதே முதல் வேலை.

பெரணியில் தொடங்குங்கள். அதன் ஸ்போர் பெரும்பாலும் 20 முதல் 60 மைக்ரான் (ஒரு மைக்ரான் மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இருக்கும். 100 மடங்கிலேயே கண்ணில் படும். இலையைத் திருப்பி, அடியில் உள்ள சோரஸ் புள்ளிகளை, அதாவது ஸ்போர்ப் பைகளின் கொத்துகளை, கை லென்ஸில் பாருங்கள். வெளிர் பச்சையாக இருந்தால் பிஞ்சு. கிழிந்து பஞ்சுபோல் நின்றால் ஸ்போர் பறந்துவிட்டது, மிச்சம் வெறும் பைதான். பளபளக்கும் பழுப்பு நிறமே சரியான பருவம். ஆஸ்முண்டா போன்ற சில பெரணிகள் மட்டும் விதிவிலக்கு. அவற்றில் முதிர்ந்த ஸ்போரே பச்சையாக இருக்கும், அதிக நாள் உயிரோடும் இருக்காது.

புள்ளிகள் கீழே இருக்கும்படி இலைத் துண்டை வழவழப்பான வெள்ளைத் தாளில் வைத்து மடியுங்கள். காற்று வீசாத உலர்ந்த இடத்தில் 1 அல்லது 2 நாள் இருக்கட்டும். பிளாஸ்டிக் உறையில் போட வேண்டாம். ஈரம் தங்கினால் பை திறக்காது, பூஞ்சணமும் பிடித்துவிடும். பிறகு தாளைச் சாய்த்து மெல்லத் தட்டினால் வெற்றுப் பைகள் முதலில் உருண்டு ஓடும். தாளோடு ஒட்டி நிற்கும் நுண்தூள்தான் ஸ்போர்.

அதில் சிறிதளவை ஒரு சொட்டு நீரில் கலந்து 400 மடங்கில் பாருங்கள். ஒரு தாய்செல் பிரிந்து நான்கு ஸ்போர்கள் பிறக்கின்றன. அவை ஒன்றையொன்று எப்படித் தொட்டுக்கொண்டிருந்தன என்பது ஒரு வடுவாகச் சுவரில் பதிந்துவிடும். நான்கும் பிரமிடுபோல் அடுக்கப்பட்டிருந்தால் மூன்று கிளை வடுவும் முக்கோண உருவமும் கிடைக்கும். அடியாண்டம் இதற்கு நல்ல உதாரணம். ஆரஞ்சுச் சுளைகளைப் போல் நெருங்கியிருந்தால் ஒரே கோடு, அவரை விதை வடிவம். நெஃப்ரோலெபிஸில் அதைக் காணலாம். வடு தெரியவில்லையா? ஸ்போர் புரண்டு கிடக்கலாம். கவர்ஸ்லிப்பின் ஓரத்தை ஊசியால் லேசாகத் தட்டினால் உருண்டு முகம் காட்டும்.

தவறவிடக் கூடாத காட்சி ஒன்று உண்டு. முதிர்ந்த பைகளைச் சுரண்டி, நீரும் கவர்ஸ்லிப்பும் இல்லாமல், விளக்கின் சூட்டில் 40 மடங்கில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருங்கள். பையைச் சுற்றியுள்ள வளையச் செல்களிலிருந்து நீர் ஆவியாக ஆக, வளையம் பின்னோக்கி வளையும். உள்ளே மிஞ்சிய நீர் இழுவை தாங்காமல் குமிழியாக உடையும் கணத்தில் வளையம் சட்டென்று திரும்பி ஸ்போர்களை வீசி எறியும். பெரணியின் உறவான ஈக்விசிட்டம் (குதிரைவால் செடி) கிடைத்தால் உலர்ந்த ஸ்போர்களின் மேல் மெல்ல ஊதிப் பாருங்கள். மூச்சின் ஈரம் பட்டதும் ஸ்போரில் ஒட்டியுள்ள நான்கு பட்டைகளும் சுருண்டு கொள்ளும், உலர்ந்ததும் மறுபடி விரியும்.

காளானில் குடை நன்றாக விரிந்திருக்க வேண்டும். அடியில் சவ்வு மூடியிருக்கும் மொட்டுக் காளானில் எதுவும் விழாது. காம்பை அறுத்து எடுத்துவிட்டு, குடையின் தகடுகள் கீழே இருக்கும்படி, பாதி கருப்பும் பாதி வெள்ளையுமான தாளில் வையுங்கள். வெண்ணிற ஸ்போர் வெள்ளைத் தாளில் தெரியாது. குடையின் உச்சியில் ஒரு சொட்டு நீர் விட்டு, மேலே ஒரு கண்ணாடிக் கிண்ணத்தைக் கவிழ்த்து, ஓர் இரவு விடுங்கள். மூடாவிட்டால் தாளில் விழும் ஸ்போர்த் தடம் காற்றில் கலைந்துவிடும். நீர் அதிகமானால் ஸ்போர் கரைந்து ஓடி, தகடுகளின் வரிகள் அழிந்துபோகும். அகாரிகஸ் தடம் சாக்லேட் பழுப்பு, அமானிட்டா வெள்ளை, கார்ட்டினேரியஸ் துருநிறம். கொடிய நஞ்சுள்ள அமானிட்டாவுக்கும் உண்ணத்தக்க பல காளான்களுக்கும் தடம் வெள்ளைதான். அதனால் தடத்தின் நிறத்தை மட்டும் நம்பி எந்தக் காளானையும் உண்ணக் கூடாது.

பூஞ்சணங்களை ஊசியால் குத்திப் பிரிப்பது வீண் வேலை. ஸ்போர்ச் சங்கிலிகள் உதிர்ந்து வெறும் உருண்டைகள் மிஞ்சும். தெளிவான ஒட்டுநாடாவைப் பூஞ்சணத்தின் ஓரத்தில் மெல்லத் தொட்டெடுத்து, லாக்டோஃபீனால் காட்டன் ப்ளூ என்னும் நீலச் சாயச் சொட்டின் மேல் ஒட்டுங்கள். பெனிசிலியத்தின் துடைப்பமும் ஆல்டர்னேரியாவின் குறுக்கும் நெடுக்குமான தடுப்புகளும் சிதையாமல் கிடைக்கும். முகக்கவசம் கட்டாயம்.

பாக்டீரியாவின் எண்டோஸ்போர் முற்றிலும் வேறு கதை. ஒரு செல்லுக்குள் ஒரே ஸ்போர்தான் உண்டாகும். எண்ணிக்கை பெருகுவதில்லை, உயிர் பிழைப்பது மட்டுமே நோக்கம். சத்து தீர்ந்தால்தான் அது உருவாகும். 24 மணி நேர வளர்ப்பில் ஸ்போர் தேடி ஏமாறுவது இதனால்தான். ஆய்வகத்திலிருந்து பெற்ற பேசில்லஸ் சப்டிலிஸை நியூட்ரியன்ட் அகார் என்னும் சத்துக் கூழில் 3 முதல் 5 நாள் வளர்த்து எடுங்கள். ஸ்லைடில் மெல்லியதாகப் பூசி, உலரவிட்டு, சுடரில் காட்டி நிலைநிறுத்துங்கள். மேலே ஒரு துண்டு வடிதாள் வைத்து, 5% மாலகைட் கிரீன் ஊற்றி, ஆவி எழும் அளவில் 5 நிமிடம் சூடாக்குங்கள். கொதிக்கவோ காயவோ விடக் கூடாது. காய்ந்தால் சாயம் படிகமாகி எல்லாவற்றையும் மறைக்கும். சூடு குறைந்தால் தடித்த சுவருக்குள் சாயம் நுழையாது. ஸ்லைடு ஆறிய பிறகு நீரில் நன்கு கழுவி, 0.5% சாஃப்ரனின் என்னும் சிவப்புச் சாயம் 1 நிமிடம். 1000 மடங்கில் எண்ணெய் விட்டுப் பார்த்தால் சிவப்புச் செல்லுக்குள் பச்சை ஸ்போர். அது நடுவிலா, ஓரத்திலா, செல்லைப் புடைக்கச் செய்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள்; இனம் காண உதவுவது அதுதான். ஆல்கஹால் இந்த ஸ்போரைக் கொல்லாது. பயன்படுத்திய தட்டுகளை ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவிக் கலன்) 121 டிகிரி செல்சியஸில், குறைந்தது 15 நிமிடம் வையுங்கள்.

அளக்காமல் வரைந்த படத்துக்கு மதிப்பு குறைவு. கண் வில்லையில் உள்ள அளவுகோலின் 40 பிரிவுகள், மேடையில் வைக்கும் மேடை அளவுகோலின் 0.1 மி.மீ.க்குச் சமமானால், ஒரு பிரிவு 2.5 மைக்ரான். லென்ஸ் மாறினால் இந்தக் கணக்கையும் புதிதாகப் போட வேண்டும். குறைந்தது 20 ஸ்போர்களை அளந்து, நீளம், அகலம், இரண்டின் விகிதம் எழுதுங்கள். காளான் ஸ்போரின் ஒரு முனையில் சிறு மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும். அதை நீளத்தில் சேர்க்க வேண்டாம்.