பனி உருகி ஆறு பொங்கும் நாட்களில் ஃப்ளை ஃபிஷிங்: கரையில் நின்றே ட்ரவுட் பிடிப்பது எப்படி?

மலையில் பனி உருகத் தொடங்கியதும் ஆறு ஆளே மாறிவிடும். போன மாதம் அடியில் கூழாங்கல் தெரிய ஓடிய தண்ணீர், இப்போது டீ நிறத்தில் கரையை முட்டிக்கொண்டு, வேரோடு வந்த மரங்களையும் இழுத்துக்கொண்டு ஓடும். இதைப் பார்த்ததும், பூச்சி போல இறகும் நூலும் கட்டிய தூண்டில் முள்ளை (அதுதான் ஃப்ளை) வீசி மீன் பிடிக்கும் பலர் கோலை உறையில் போட்டு வைத்துவிடுகிறார்கள். வேண்டாம். வட அமெரிக்காவின் ராக்கி மலை ஆறுகள் பலவற்றில் மே நடுவிலிருந்து ஜூன் கடைசி வரை இதே நிலைதான், அத்தனை நாளும் ட்ரவுட் என்ற இந்தக் குளிர்நீர் மீன் பட்டினியாகவா கிடக்கும்? நடு ஆற்றின் இழுப்பில் நிற்க முடியாமல் அது கரையோரமாக ஒதுங்கிவிடுகிறது. அதாவது உங்கள் காலடிக்கே வந்துவிடுகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு கீழே உள்ளதைப் படியுங்கள்.

1. கிளம்பும் முன் நீர்வரத்தைப் பாருங்கள்

பெரிய ஆறுகளில் விநாடிக்கு எத்தனை கன அடி ஓடுகிறது என்பதை அளக்கும் கருவிகள் இருக்கும். அமெரிக்காவில் புவியியல் ஆய்வுத் துறை அந்த அளவுகளை அன்றன்றைக்கே இணையத்தில் வரைபடமாகத் தருகிறது. புதியவர்கள் எண்ணைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். நான் பார்ப்பது கோடு ஏறுகிறதா, இறங்குகிறதா என்பதைத்தான். ஏறும் ஆறு சேற்றையும் குப்பையையும் வாரிக்கொண்டு வரும், இறங்கும் ஆறு தெளிந்துகொண்டே வரும். அப்புறம், அந்தக் கோடு தினமும் அலைபோல ஏறி இறங்குவதையும் கவனியுங்கள். பகல் வெயிலில் உருகிய பனி கீழே வந்து சேர நேரமாகும், அதனால் பனிக்குப் பக்கத்து ஓடைகள் மாலையில் பொங்கும், தொலைவில் உள்ள பகுதிகளில் இரவிலோ மறுநாள் காலையிலோகூட உச்சம் வரலாம். முந்தைய மூன்று நாள் கோட்டைப் பார்த்தால் நீங்கள் போகும் இடத்தில் தண்ணீர் எந்த நேரத்தில் குறைவு என்பது தெரிந்துவிடும். மேகமூட்டமும் குளிருமாக இரண்டு நாள் தொடர்ந்தால் உருகுவது குறையும். அந்த நாட்களை விடாதீர்கள்.

2. நிறம்

ஓரத்தில் பூட்ஸை வைத்துப் பாருங்கள். ஓர் அடி ஆழத்தில் நுனி தெரிந்தால் மீன் பிடிக்கலாம். கொஞ்சம் பச்சை கலந்திருந்தால் இன்னும் நல்லது. சாக்லேட் மாதிரி இருந்தால் அணைக்குக் கீழே உள்ள பகுதிக்குப் போங்கள், வண்டல் நீர்த்தேக்கத்திலேயே பெரும்பாலும் தங்கிவிடுவதால் அங்கே தண்ணீர் தெளிவாக இருக்கும். ஆனால் மதகு திறந்தால் மட்டம் சட்டென்று உயரும், அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

3. ஆற்றில் இறங்காதீர்கள்

இதை நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். ஓட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் அது உங்கள் காலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். அதனால் கோடையில் இடுப்பளவில் நின்ற இடத்தில் இப்போது முழங்காலளவே ஆளைச் சாய்த்துவிடலாம். பனி உருகிய தண்ணீரில் சில நிமிடங்களில் கை மரத்துப்போகும். இறங்கியே தீர வேண்டுமென்றாலும் முழங்காலுக்கு மேல் போகவே கூடாது என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். வேடர் (நீர் புகாத நீண்ட காலுடை) போட்டிருந்தால் இடுப்புப் பட்டையை இறுக்குங்கள், ஊன்றுகோல் வைத்துக்கொள்ளுங்கள், தனியாகப் போகாதீர்கள். மிதவைச் சட்டை போடுவதில் வெட்கம் வேண்டாம். தவறி விழுந்தால் மல்லாந்து, கால்களை ஓட்டம் போகும் திசையில் நீட்டிக்கொண்டு மிதந்தபடி கரைப்பக்கம் ஒதுங்குங்கள். வேகமான ஓட்டத்தில் எழுந்து நிற்கப் பார்த்தால் கால் பாறைகளுக்கு இடையில் சிக்கும், தண்ணீர் உங்களை அப்படியே அமுக்கிவிடும். நீரில் சாய்ந்து கிடக்கும் மரத்தின் பக்கம் போகவே வேண்டாம், ஓட்டம் ஆளைக் கிளைக்குள் தள்ளிப் பிடித்துவைத்துவிடும்.

போய்ச் சேர்ந்ததும் தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டு வையுங்கள். அடிக்கடி அதைப் பாருங்கள். குச்சி நனைந்து உள்ளே போய்விட்டால் ஆறு ஏறுகிறது.

4. மீன் நிற்கும் இடம்

நான் முதன்முதலில் இப்படி ஓர் ஆற்றுக்குப் போனபோது விறுவிறுவென்று தண்ணீருக்குள் நடந்தேன். முழுகிக் கிடந்த புல்லுக்குள்ளிருந்து ஒரு பெரிய பிரவுன் ட்ரவுட் என் காலை உரசுவதுபோல விலகி ஓடியது. அன்றிலிருந்து விளிம்புக்கு இரண்டடி பின்னால் நின்றுதான் முதல் வீச்சை வீசுகிறேன்.

பாறைக்குப் பின்னால் உள்ள அமைதியான நீர், வளைவின் உட்புறம், சுழி, கிளையாறு வந்து சேரும் முனை, முழுகிய புதரின் ஓரம், இவையெல்லாம் மீன் ஒதுங்கும் இடங்கள். அடையாளம் காண எளிய வழி ஒன்று உண்டு. மிதந்து வரும் இலைகளைப் பாருங்கள். எங்கே இலை நீங்கள் மெதுவாக நடக்கும் வேகத்துக்கு வருகிறதோ, அந்த இடம்தான். வேகமான நீரும் மெதுவான நீரும் உரசும் கோடு கிடைத்தால் அதன் உள்பக்கத்தை அங்குலம் அங்குலமாகத் தேடுங்கள், ஏனென்றால் மீன் மெதுவான பக்கத்தில் நின்றுகொண்டு வேகமான பக்கத்தில் வரும் இரையை எட்டிப் பிடிக்கும்.

5. கோல், நரம்பு, ஃப்ளை

9 அடி நீளம், 5 அல்லது 6 வெயிட் (கோலுக்கு ஏற்ற கயிற்றின் எடை எண்) கோல் போதும். கயிற்றின் நுனியில் கட்டும் நரம்பான லீடர் குட்டையாக, ஏழரை அடி இருக்கட்டும். அதன் முனையில் ஃப்ளையைக் கட்டும் நரம்பான டிப்பட் 3எக்ஸ் அல்லது 2எக்ஸ் (எக்ஸ் எண் குறைந்தால் நரம்பு தடிமன்). கலங்கல் நீரில் மீன் நரம்பைப் பார்த்து மிரளாது, அதனால் மெல்லிய நரம்பு கட்ட வேண்டியதில்லை.

ஃப்ளை விஷயத்தில் பெரிது, கருப்பு, கனம். ஸ்டோன்ஃப்ளை என்ற நீர்ப்பூச்சியின் இளம்பருவப் பூச்சிகள் சிறகு முளைக்கும் நேரத்தில் கரையை நோக்கி ஊர்ந்து வரும், மீனும் அங்கேதான் நிற்கிறது, ஆகவே அந்த இளம்பருவப் பூச்சி போலவே 6 அல்லது 8ஆம் எண் முள்ளில் கட்டிய ஸ்டோன்ஃப்ளை நிம்ஃப்தான் என் முதல் தேர்வு. அதற்குக் கீழே ஒன்றரை அடி விட்டு சான் ஹுவான் வர்ம் என்ற புழு போன்ற ஃப்ளை ஒன்றைக் கட்டுங்கள், கரை அரிக்கும்போது மண்புழு நிறைய அடித்துக்கொண்டு வரும். இரண்டு ஃப்ளை கட்ட அந்த ஆற்றில் அனுமதி உண்டா என்று விதிகளில் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டும் எடுபடாவிட்டால் சிறு மீன், அட்டை போலத் தெரியும் கருப்பு வூலி பகர் ஃப்ளை.

தக்கையை ஃப்ளையிலிருந்து நீரின் ஆழத்தைப்போல ஒன்றரை மடங்கு மேலே வையுங்கள். ஈயக்குண்டைக் கஞ்சத்தனம் பார்க்காமல் சேருங்கள். நாலைந்து வீச்சுக்கு ஒருமுறையாவது ஃப்ளை அடியில் தட்ட வேண்டும். தட்டவே இல்லையென்றால் இன்னொரு குண்டு. ஃப்ளையை மாற்றுவதற்கு முன் எடையை மாற்றுங்கள்.

6. வீச்சு

இருபதடிக்கு மேல் தேவையே இல்லை. பின்னால் புதர் இருந்தாலும் கவலை வேண்டாம். கயிறு உங்களுக்குக் கீழ்ப்பக்கம், அதாவது ஓட்டம் போகும் திசையில், நீண்டு விறைக்கும்வரை விடுங்கள், தண்ணீரின் இழுப்பே கோலை வளைத்துத் தரும், அந்த வளைவிலிருந்து அப்படியே ஓட்டம் வரும் திசையில் எறியுங்கள். விழுந்ததும் கோலை உயர்த்தி, வேகமான நீரில் கயிறு படாமல் பிடியுங்கள். தக்கை ஓட்டத்தின் வேகத்திலேயே வரவேண்டும். ஒரே இடத்தில் பத்துப் பதினைந்து முறை வீசுங்கள், கலங்கலில் மீன் தூரத்திலிருந்து பார்க்காது, அதன் மூக்குக்கு நேராகக் கொண்டுபோக வேண்டும். தக்கை லேசாகத் தயங்கினாலும் கோலைத் தூக்குங்கள்.

7. மாட்டிய பிறகு

மீனை நடு ஆற்றுக்குப் போக விடக்கூடாது, போனால் அதன் எடையோடு ஆற்றின் எடையையும் சேர்த்து இழுக்க வேண்டியிருக்கும். கோலைப் பக்கவாட்டில் சாய்த்து, கரைப்பக்கமாகவே அழுத்தம் கொடுங்கள். ஓடினால் நீங்களும் கரையிலேயே கீழ்ப்பக்கம் நடங்கள். தூண்டில் முள்ளின் பின்கொக்கியை முன்பே நசுக்கி வைத்திருந்தால் கழற்றுவது சுலபம். கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள், மெதுவான நீரில் தலை ஓட்டம் வரும் திசையைப் பார்த்திருக்கும்படி தாங்கிப் பிடியுங்கள், தானாக உதறிப் போகும்வரை.

ரெயின்போ, கட்த்ரோட் என்ற ட்ரவுட் வகைகள் இந்தப் பருவத்தில்தான் முட்டையிடும். தண்ணீர் தெளிந்த ஓரங்களில், சுற்றிலும் பாசி படிந்திருக்க நடுவில் மட்டும் கழுவிவிட்டாற்போல வெளுத்த சரளைத் திட்டு தெரிந்தால் அதற்குள் முட்டைகள் இருக்கலாம். அதை மிதிக்காமல் சுற்றிப் போங்கள், அதன்மேல் நிற்கும் மீனுக்குத் தூண்டில் போடாதீர்கள்.